பெட்டிக்குள்ளே 20 ஆயிரம் வோல்ட்!

பாத்திரக் கடையில் கூட்டம். பெண்ணுக்குச் சீர் வாங்க வந்திருக்கிறார்கள். குடம், தவலை, தாம்பாளம் எல்லாம் எடுத்தாயிற்று. "பேர் போடணும்" என்கிறார் பெண்ணின் தாயார்.

முன்பெல்லாம் கடைப் பையன் உளியும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். டக், டக், டக் என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாக விழும்.

இப்போது அந்தச் சத்தம் குறைந்து வருகிறது. பாத்திரத்தை ஓர் இயந்திரத்துக்கு அடியில் வைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பெயரை அடிக்கிறார்கள். பொறி பறக்கிறது. சில நொடிகளில் பெயர் பதிந்துவிடுகிறது!

அதுதான் லேசர். ஒளியையே கத்தியாக்கும் இயந்திரம்.

இதன் பெரிய தம்பி ஒன்று உண்டு. பார்ப்பதற்கு மூடி போட்ட பெரிய பெட்டி மாதிரி இருக்கும். அக்ரிலிக் பலகையில் கடைப் பெயர் வெட்டுவது, கல்யாணப் பத்திரிகையில் பூ வேலை செய்வது, மரப் பலகையில் சாமி படம் செதுக்குவது எல்லாம் அதன் வேலை. பெரிய நகரங்களில் இருந்த இந்தப் பெட்டி, இப்போது சிறிய ஊர்களின் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது.

உளுந்தூர்பேட்டை மாதிரியான ஊருக்கு இது மிகவும் முக்கியமான விஷயம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. சேலத்துக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. உளுந்தூர்பேட்டை அந்த மாவட்டத்தில் சேர்ந்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தைவான் நாட்டு "பௌ சென்" நிறுவனம் தமிழக அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் காலணி ஆலை அமைப்பது என்பது ஒப்பந்தம். முதலீடு 2,302 கோடி ரூபாய். வேலை 20 ஆயிரம் பேருக்கு. ஆலைக்கு உரிய இடம், உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பூங்கா.

இதுவரை கரும்பும் நெல்லும் உளுந்தும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இனி இயந்திரத்தின் முன்னால் நிற்கப் போகிறார்கள். காலணித் தொழிலில் துணியும் தோலும் வெட்டுவதற்கு உலகின் பல நாடுகளில் லேசர் பயன்படுகிறது. ஆலையில் என்றால் பாதுகாப்பு அதிகாரி இருப்பார். கடைத்தெருவில் யார் இருக்கிறார்கள்?

கண்ணாடி போட்டால் போதுமா?

லேசர் என்றதும் எல்லோருக்கும் கண்தான் நினைவுக்கு வருகிறது. "அந்த ஒளியைப் பார்க்காதே, கண் போய்விடும்" என்பார்கள். அது உண்மை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த இயந்திரங்களில் வெட்டுகிற ஒளி கண்ணுக்கே தெரியாது. நாம் பார்ப்பது பொருள் எரியும்போது வரும் பொறியைத்தான். தெரியாத ஒளிதான் கண்ணைக் கெடுக்கும். ஆகவே மூடியும் வேண்டும், அந்த ஒளிக்கு உரிய கண்ணாடியும் வேண்டும்.

ஆனால் கண்ணாடி போட்டவுடன் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தால் அது பெரிய தவறு. லேசர் வேலையில் ஆளையே கொன்ற விபத்துகளைப் பார்த்தால், அங்கே முதல் குற்றவாளி ஒளி அல்ல. மின்சாரம்! ஒளி கண்ணைக் கெடுக்கும். பெட்டிக்குப் பின்புறம் இருக்கும் மின்சாரமோ ஒரே நொடியில் உயிரை எடுத்துவிடும். கண்ணாடி அதைத் தடுக்காது.

பாராமதிக்காரர் செய்த குழாய்

1960-ம் ஆண்டு மே 16-ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மெய்மன் என்பவர் உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தார். செயற்கைக் கெம்புக்கல் ஒன்று. அதைச் சுற்றிப் போட்டோ எடுக்கும் பளிச் விளக்கு. அவ்வளவுதான். அந்த விளக்கை எரிப்பதற்கே மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே அடியாகக் கொட்ட வேண்டியிருந்தது.

நம் கடைத்தெருப் பெட்டியின் கதை 1964-ல் தொடங்குகிறது. மராட்டிய மாநிலத்தில் பாராமதி என்ற ஊரில் பிறந்தவர் குமார் படேல். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். கரியமில வாயுவைக் கொண்டு லேசர் செய்து காட்டினார். நாம் மூச்சு விடும்போது வெளியே வருகிறதே, அதே வாயு! அது மரத்தையும் துணியையும் வெட்டும் என்று கண்டார்கள்.

இன்று பெட்டிக்குள் இருப்பது ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். அதற்குள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகியவை அடைக்கப்பட்டிருக்கின்றன. வாயு சும்மா ஒளிராது. மின்னலைப் போல் அதற்குள் மின்சாரம் பாய வேண்டும். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அது போதாது. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் "பவர் சப்ளை", 230 வோல்ட்டை 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கிறது. பெரிய குழாய்க்கு இன்னும் அதிகம்.

20 ஆயிரம் வோல்ட் என்றால் என்ன? தொட வேண்டும் என்பதே இல்லை. விரலைக் கிட்டே கொண்டுபோனாலே காற்றில் தாவி வந்து அடிக்கும்.

பாத்திரத்தில் பெயர் போடும் சிறிய இயந்திரத்தில் இந்தக் கண்ணாடிக் குழாய் இல்லை. அது வேறு வகை. அதற்குள் இவ்வளவு வோல்ட் கிடையாது. ஆனால் அதற்கும் 230 வோல்ட் போகிறது. இரும்புத் தகடு வெட்டும் பெரிய லேசருக்கு மூன்று பேஸ் மின்சாரம், 415 வோல்ட் போகிறது. அவற்றை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

விடிவிளக்கின் கணக்கு

"ரொம்பக் கொஞ்சம் கரண்டுதான், ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

மின்சாரத்தின் ஓட்டத்தை ஆம்பியர் என்று அளக்கிறார்கள். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லி ஆம்பியர். கையில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் தசை இறுகிவிடும். பிடித்ததை விட வேண்டும் என்று நினைத்தாலும் விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. துடிப்பு தாளம் தவறிவிடும்.

படுக்கை அறையில் இரவெல்லாம் எரிகிற 15 வாட் குண்டு விடிவிளக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர். குழந்தை பயப்படாமல் தூங்குவதற்காகப் போடுகிறோமே, அந்த விளக்கின் மின்சாரத்தில் பாதி போதும், ஓர் ஆளைச் சாய்க்க!

மூன்றாவது கம்பி

பிளக்கில் மூன்று முனை இருக்கிறது. இரண்டு சிறியது. ஒன்று பெரியது. அந்தப் பெரிய முனைதான் எர்த். வீட்டில் அதிகமாக அவமதிக்கப்படுவதும் அதுதான். பிளக் நுழையவில்லையா? இரண்டு முனை அடாப்டர் மாட்டு. எர்த் கம்பி நீளம் போதவில்லையா? வெட்டி விடு. "அது இல்லாமலே மிஷின் ஓடுதே!"

ஓடும். அதுதான் சூழ்ச்சி. எர்த் இல்லாவிட்டாலும் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும். கோளாறு ஏற்படுகிற அந்த ஒரு நாளில்தான் எர்த் தேவைப்படும்.

பெட்டிக்குள் ஒரு கம்பியின் உறை கிழிந்து இரும்பு உடம்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இருந்தால் மின்சாரம் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்கு ஓடிவிடும். பியூஸ் போகும், அல்லது டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். யார் கை வைக்கிறார்களோ, அவர்தான் எர்த் கம்பி!

நம் ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவோம். கடைப் பையனும் வெறுங்காலோடுதான் நிற்பான். சாமி படம் மாட்டிய கடை அல்லவா? மரியாதைதான். ஆனால் கழுவி விட்ட சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்புப் பெட்டியைத் தொடுவது, மின்சாரத்துக்கு வழி காட்டுவதாகும். இயந்திரம் இருக்கும் இடத்தில் மட்டுமாவது, மின்சாரத்தைத் தடுக்கும் ரப்பர் விரிப்பும் காலில் ரப்பர் செருப்பும் இருக்க வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

கண்ணாடிக் குழாய் வைத்த லேசரில் எர்த்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குழாயின் ஒரு முனையில் தடித்த கம்பி போகும். அதில்தான் ஆயிரக்கணக்கான வோல்ட். மறு முனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி திரும்பி வரும். பல இயந்திரங்களில் அது முன்பக்கம் உள்ள சிறிய ஆம்பியர் மீட்டர் வழியாகத் திரும்புகிறது. அந்த மெல்லிய கம்பி தளர்ந்துவிட்டால், திரும்ப வழி இல்லாத மின்சாரம் வேறு வழி தேடும். மீட்டர் எங்கே இருக்கிறது? இயக்குகிறவரின் கைக்குப் பக்கத்தில்!

பெட்டியின் மூடி தனித் தகடு. உடம்பு தனித் தகடு. நடுவில் பெயிண்ட். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. ஆகவே உடம்புக்கு எர்த் இருந்தாலும் மூடிக்கு இல்லாமல் போகலாம். பெயிண்டைச் சுரண்டி, ஒவ்வொரு தகட்டையும் எர்த் கம்பியால் இணைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பல்பு சொல்லும் பொய்

"எர்த் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் சிலர் 100 வாட் பல்பை எடுத்து வருவார்கள். பேசுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டிக் காட்டுவார்கள். பல்பு பளிச்சென்று எரியும். "பாருங்க, எர்த் பக்கா!"

பல்பு பொய் சொல்கிறது. அது கேட்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. மோசமான எர்த்கூட அதைக் கொடுத்துவிடும். உதாரணத்துக்கு, எர்த்தின் தடை 50 ஓம் என்று வைப்போம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். கோளாறு ஏற்பட்டால் மண்ணுக்கு ஓடக்கூடியது அவ்வளவுதான். சுவரில் இருப்பதோ 16 ஆம்பியர் டிரிப்பர். அது அசையாது. பெட்டி மின்சாரத்தோடு அப்படியே நிற்கும்.

மண்ணில் ஓர் அடி இரும்புக் கம்பியை அடித்து வைப்பது எர்த் ஆகாது. குழி வெட்டி, இரண்டரை மீட்டர் நீளக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்பும் முறை நம் எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமானதுதான். கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும். தண்ணீர் ஊற்ற வேண்டும். தடையை அளக்கத் தனிக் கருவி உண்டு. தகுதிச் சான்றிதழ் பெற்ற மின் கம்பியாளரை அழைத்து அளக்கச் சொல்லலாம். லேசருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர், எர்த் குழிக்குப் பேரம் பேசுவது என்ன நியாயம்?

வரவும் செலவும்

எர்த்தோடு இன்னொரு காவலாளியும் வேண்டும். அதன் பெயர் ஆர்.சி.டி. "எர்த் லீக்கேஜ் டிரிப்பர்" என்றும் கடையில் கேட்கலாம்.

அது ஒரு கணக்குப்பிள்ளை. ஒரு கம்பியில் எவ்வளவு மின்சாரம் போனது, மறு கம்பியில் எவ்வளவு திரும்பி வந்தது என்று எந்நேரமும் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், "எங்கோ கசிகிறது, ஒருவேளை யாருடைய உடம்பிலோ பாய்கிறது" என்று உடனே நிறுத்திவிடும். எர்த் பலவீனமாக இருந்து 16 ஆம்பியர் டிரிப்பர் சும்மா இருக்கும்போதுகூட இது காப்பாற்றும். வீட்டுக்கும் இது அவசியம்.

ஆனால் லேசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்குப்பிள்ளைக்கு 230 வோல்ட் கணக்கு மட்டும்தான் தெரியும். பவர் சப்ளைக்கு உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதைத் தாண்டினால் 20 ஆயிரம் வோல்ட்டின் கணக்கு தனி. அங்கே ஒருவரை மின்சாரம் அடித்தாலும் இந்தப் பக்கம் வரவும் செலவும் சரியாகவே இருக்கும். ஆர்.சி.டி. அசையாது!

"டிரிப்பர் போட்டிருக்கேன், பயமில்லை" என்று குழாய்ப் பக்க மூடியைத் திறப்பவர் இதை மறந்துவிடக் கூடாது.

வாளித் தண்ணீர்

கண்ணாடிக் குழாய் சூடாகும். அதைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓட வேண்டும். விலை கூடிய இயந்திரத்துக்குத் தனிக் குளிர்விப்பான் வரும். விலை குறைந்ததற்கு ஒரு வாளித் தண்ணீரும், அதற்குள் மூழ்கிய சிறிய மோட்டாரும்தான்.

எந்தத் தண்ணீர்? பையன் போர்க்குழாயில் பிடித்து ஊற்றிவிடுவான். போர்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் தாராளமாக ஓடும். குழாயில் இருக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட், தண்ணீர் வழியாகக் கசிந்து வாளிக்கே வந்துவிடலாம். கண்ணாடியும் பொத்துப்போகலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்ட் வாட்டர்தான் இதற்கும் ஊற்ற வேண்டும். அதில் உப்பு இல்லை. அழுக்கு சேர்ந்தால் மாற்ற வேண்டும்.

வாளிக்குள் கையை விட்டுத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே மூழ்கியிருப்பது 230 வோல்ட் மோட்டார். பிளக்கைப் பிடுங்காமல் அந்த வாளியில் கை வைக்கவே கூடாது. வாளிக்குப் பக்கத்தில் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடப்பதைப் போன்ற பயங்கரம் வேறு இல்லை.

"அண்ணே, மிஷின் வெட்ட மாட்டேங்குது!"

விபத்துக்கு ஏற்ற நேரம் எது தெரியுமா? இயந்திரம் ஓடும்போது அல்ல. நின்றுபோகும்போது!

முகூர்த்த நாள் நெருங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். 500 பத்திரிகை வெட்டியாக வேண்டும். வாடிக்கைக்காரர் வாசலில் நிற்கிறார். திடீரென்று இயந்திரம் வெட்டவில்லை.

"அண்ணே, மிஷின் வெட்ட மாட்டேங்குது."

"பின்னாடி திறந்து பாருடா தம்பி, ஒயர் கழண்டிருக்கும்."

அந்தத் தம்பிக்கு வயது இருபது இருக்கும். அவன் சம்பளத்தை நம்பி வீட்டில் ஒரு தாய் இருப்பாள். அவன் சட்டைப் பையில் இருப்பது ஒரு டெஸ்டர். நியான் விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர். அது வீட்டு மின்சாரத்துக்காகச் செய்தது. 20 ஆயிரம் வோல்ட்டின் அருகில் அதைக் கொண்டுபோனால் அது டெஸ்டர் அல்ல, கையோடு சேர்ந்த ஓர் இரும்புக் கம்பி. மல்டி மீட்டரும் அப்படித்தான். 600, 1,000 வோல்ட்டுக்கு மேல் அதற்குச் சக்தி இல்லை.

"சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் திறக்கிறேன்" என்பான். போதாது. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கலாம். மேல் மூடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்சு இருக்கும். மூடியைத் திறந்தால் ஒளி நின்றுவிடும். ஒளிதான் நிற்கும். பின்னால் தங்கிய மின்சாரத்துக்கும் அந்த சுவிட்சுக்கும் சம்பந்தம் இல்லை.

கடை முதலாளி செய்ய வேண்டியது என்ன? குழாய்ப் பக்கத்து மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கோளாறு என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, அது கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். வேறு யாரோ தெரியாமல் மாட்டிவிடக் கூடாது அல்லவா? பிறகு பழுது பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தெரிந்த மெக்கானிக், இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் சொன்ன நேரம் வரை காத்திருப்பார். பிறகு அதற்கென்றே உள்ள எர்த் கோலால் தொட்டு, மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்புவார். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைப்பார். ஒரு கையைப் பெட்டியில் வைக்கும்போது இன்னொரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் மார்பு வழியாகத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியும். தனியாகவும் வேலை செய்ய மாட்டார்.

பவர் சப்ளை கெட்டிருந்தால் அதைப் பிரித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். புதிது வாங்கி மாட்டுவதுதான் வழி.

500 பத்திரிகை ஒரு நாள் தாமதமாகும். வாடிக்கைக்காரர் திட்டுவார். திட்டட்டும்!

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளின் உளி தலைமுறை தலைமுறையாகக் கையை வெட்டியிருக்கிறது. ஆனால் உளி அடிக்கும் முன் கண்ணுக்குத் தெரியும். புதுக் கத்தியின் ஒளியும் தெரியாது, அதன் பின்னால் நிற்கும் மின்சாரமும் தெரியாது.

ஷாக் அடித்துவிட்டால்

யாராவது இயந்திரத்தைப் பிடித்தபடி விறைத்து நின்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுப்பவரும் சேர்ந்து விழுவார். முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைப்பது. ஆகவே மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று கடையில் உள்ள எல்லோருக்கும், கூட்ட வருகிற அம்மாளுக்குக்கூட, தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைக்கக் கூடாது.

230 வோல்ட் என்றால், அணைக்க முடியாதபோது காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடலாம். குழாய்ப் பக்கத்து மின்சாரத்துக்குக் கட்டையும் நம்பிக்கை இல்லை. அணைத்தே ஆக வேண்டும்.

பிறகு 108-க்குப் போன் செய்ய வேண்டும். விழுந்தவர் மூச்சு விடாமல், அசைவில்லாமல் இருந்தால், மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பலமாகவும் வேகமாகவும் அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் தெளிப்பதும், கையில் இரும்பைக் கொடுப்பதும் உதவாது.

சிலர் விழுந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "ஒண்ணுமில்லைண்ணே, லேசாத்தான் அடிச்சுது" என்று சொல்லி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். அப்படி விடக் கூடாது. வெளியே சிறு தழும்பாகத் தெரிவது உள்ளே சதையைச் சுட்டிருக்கலாம். இதயத் துடிப்பும் தவறியிருக்கலாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், "லேசர் மிஷினில் ஷாக் அடித்தது" என்று தெளிவாகச் சொல்லி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெட்டியை அதுவரை யாரும் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும்.